பூட்டியே கிடக்கிற கொடைக்கானல் வீட்டில் விளக்கெரிய

முதலில் ஒரு காலண்டரை எடுத்து, போன வருஷம் மலைவீட்டில் எத்தனை ராத்திரி படுத்தீர்கள் என்று எண்ணுங்கள். நாங்கள் எண்ணியபோது 14 வந்தது. மே மாதம் ஒன்பது, தீபாவளியை ஒட்டி மூன்று, ஒரு கல்யாணத்துக்காக இரண்டு. மதுரையில் உட்கார்ந்துகொண்டு வருஷம் முழுக்க வாட்ச்மேன் சம்பளம், வீட்டு வரி, கரண்ட் பில் என்று கட்டிக்கொண்டிருந்தோம்.

ஆள் புழங்காத வீடு மலையில் சீக்கிரம் கெடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து கதவைத் திறந்தால் மெத்தையெல்லாம் பூஞ்சணம். அலமாரிக் கதவு ஊதிப்போய் சாத்த முடியாது. ஒரு தடவை கம்பளியை உதறினேன், உள்ளே எலி குட்டி போட்டு வைத்திருந்தது.

எல்லாரையும் போல நாங்களும் முதலில் தினவாடகைக்குத்தான் விட்டோம், ஒரு ஏஜென்ட் மூலமாக. நாலு பேர் என்று சொல்லிப் பதினோரு பேர் தங்கினார்கள். குளிர்காய்வதற்கு என் மாமியாரின் தேக்கு முக்காலியை எரித்துவிட்டார்கள். ஏஜென்ட் அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. முக்காலி போகட்டும், அந்த வழியில் போனால் சுற்றுலாத்துறைப் பதிவு, கரண்ட் இணைப்பை மாற்றுவது என்று வேலை தனி. ஊரில் இருக்கிறவர்களுக்குச் சரி, 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எனக்குச் சரிப்படவில்லை.

அதனால் நான் சொல்வது மாச வாடகை. கொடைக்கானலில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு அலைகிறார்கள். நர்ஸ், வாத்தியார், ஹோட்டல் சமையல்காரர் என்று பலர் பெருமாள்மலை, பண்ணைக்காடு பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். வாசலில் 'டு லெட்' போர்டு மாட்டாதீர்கள், புரோக்கர்தான் வருவார். ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூட ஆபீஸிலும் மளிகைக்கடையிலும் சொல்லி வையுங்கள். எங்களுக்கு மளிகைக்கடை அண்ணாச்சிதான் ஒரு நர்ஸம்மாவைக் காட்டினார். அம்மா, மகன், அவர், மூன்றே பேர். வாடகையைச் சீசன் கணக்கில் கேட்காதீர்கள். மாசச் சம்பளக்காரர் கொடுக்கக்கூடிய தொகைதான் நிலைக்கும்.

குடி வைப்பதற்கு முன் மூன்று வேலை. கூரைத் தகரத்தையும் மழைநீர்க் குழாயையும் சரிபாருங்கள். செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர்த் தொட்டி சின்னதாக இருந்தால் இன்னொன்று வையுங்கள், கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டி வரும்.

உங்களுக்கென்று ஒரே ஒரு அறை போதும், வெளிவாசல் உள்ளதாக இருந்தால் நல்லது. பாதி வீட்டைப் பூட்டி வைத்தால் அந்தப் பாதியில் மறுபடியும் பூஞ்சணம்தான். மெத்தையைச் சுவரில் ஒட்டாமல் நிமிர்த்தி வையுங்கள், துணிமணி எல்லாம் இரும்பு பீரோவுக்குள். அந்த அறைச் சாவியையும் குடியிருப்பவரிடமே கொடுத்துவிடுங்கள். வெயில் அடிக்கிற நாளில் ஜன்னலைத் திறந்துவிட வேறு யார் இருக்கிறார்கள்? நகை, பத்திரம் மாதிரி எதையும் அங்கே வைக்காமல் இருந்தால் போதும்.

எழுத்துவேலைக்கு வருவோம். வீடு கூட்டுச் சொத்தாக இருந்தால் பங்காளிகள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். என் கொழுந்தனார் லேசில் போடவில்லை. "வாடகைக்கு விட்டா வீட்டைப் பிடிச்சுக்குவாங்க அண்ணி" என்றார். அது 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டக் காலத்துப் பயம். 2019 பிப்ரவரியிலிருந்து அந்தச் சட்டம் இல்லை. இப்போது 2017-ஆம் வருஷத்துச் சட்டம்தான் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தங்களைப் பதிகிற அரசு அலுவலகமான வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். 11 மாசம் என்று போட்டுவிட்டால் பதிவு வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்பணம் மூன்று மாச வாடகை, சட்டம் சொல்கிற அளவும் அதுதான். மொத்தமாகப் பணம் வருகிறதே என்று ஒத்திக்கு விட்டால், திருப்பிக் கொடுக்கிற அன்று கையில் இருக்காது.

உள்வாடகைக்கு விடக்கூடாது, சீசனில் டூரிஸ்ட்டைத் தங்க வைக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். நீங்கள் எப்போது வருவீர்கள் என்பதையும் எழுதுங்கள். நாங்கள் மே மாதம் ஒரு வாரம் என்று போட்டிருக்கிறோம், இரண்டு நாள் முன்னால் போனில் சொல்ல வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், சொந்த வீட்டுக்குப் போகிறோம் என்றாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

போன வாரம் நர்ஸம்மா போன் செய்தார். "அக்கா, பையன் கேட்டைச் சாத்த மறந்துட்டான். காட்டுமாடு உள்ள வந்து முட்டைக்கோஸ் பாத்தியைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சு. நான் வெளிய போகலை, ஜன்னல்லேயே பார்த்துக்கிட்டு இருந்தேன்." அந்த வீட்டில் முட்டைக்கோஸ் பாத்தி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்டுக்கு நல்ல தாழ்ப்பாளாக ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும்.