"வயசாச்சுல்லா" என்று விட்டுவிடாதீர்கள்: முதியோரின் இதய நோயும் தள்ளாமையும்

அம்பாசமுத்திரத்தில் என் ஆச்சியின் உடம்பு இளைத்ததை முதலில் சொன்னது அவள் வளையல்தான். பீடி சுற்றும்போது அது முழங்கை வரை ஏறி இறங்கும். மடியிலிருந்த சுளகை இறக்கி வைத்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துத்தான் எழுந்திருப்பாள். "வயசாச்சுல்லா" என்று நாங்களும் சொன்னோம், அவளும் சொன்னாள்.

எல்லா வீட்டிலும் நடக்கிற முதல் தவறு இதுதான். வயதும் தள்ளாமையும் ஒன்றல்ல. முயலாமலே ஒரு வருடத்தில் நாலரை கிலோ எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது என்று மருத்துவர்கள் ஐந்து அடையாளம் பார்க்கிறார்கள். மூன்று இருந்தால் தள்ளாமை. ஒன்றிரண்டு இருந்தாலே கவனிக்க வேண்டும். இதய நோயோடு இதுவும் சேர்ந்துவிட்டால் அறுவை சிகிச்சையிலிருந்து தேறுவது கடினம், திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியும் வரும்.

ஆணுக்குப் பார்க்கிற கண்ணாலேயே பெண்ணையும் பார்ப்பது அடுத்த தவறு. என்னை அதிகம் வருத்துவது இதுதான். பெண்கள் ஆண்களைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள், ஆனால் தள்ளாமை அவர்களுக்குத்தான் அதிகம். தசை முதலிலிருந்தே குறைவு, மூட்டு வலி அதிகம், கடைசிக் காலத்தில் தனியாக இருப்பவர்களும் அவர்கள்தான். மாரடைப்பிலும் நெஞ்சு வலியோடு, சில சமயம் அது இல்லாமலும், மூச்சு முட்டல், குமட்டல், முதுகு அல்லது தாடை வலி, காரணமில்லாத களைப்பு என்று வரலாம். இவை திடீரென்று வந்தால் வாயுப் பிடிப்பு என்று சுக்கு வெந்நீர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்துவிட்டு, "எக்கோவில் பம்பிங் நல்லா இருக்கு, ஒண்ணுமில்லை" என்று நிம்மதியாகிவிடுவதும் உண்டு. பம்பிங், அதாவது ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 50 சதவீதத்துக்கு மேல் இருந்தும், இதயத் தசை விறைத்து, சரியாக விரிய முடியாமல் இதயச் செயலிழப்பு வரும். வயதான பெண்களிடம் இந்த வகை அதிகம். படியேறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றால் பம்பிங் கணக்கோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தாத்தாக்களிடம் வேறு மாதிரி ஏமாறுவோம். தொப்பை இருப்பதால் ஆள் தெம்பாகத் தெரிவார். உள்ளே தொடையும் கெண்டைக்காலும் கரைந்திருக்கும். தெருமுனை டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாரா என்று பாருங்கள்.

அப்புறம் சாப்பாடு. இதய நோய் என்றதும் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியும் துவையலும் மட்டும் கொடுக்கிறோம். தசை கரைய இதைவிட வேறு வழி வேண்டாம். வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்குத் தினமும் ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டரிடம் கேளுங்கள். குறைக்க வேண்டியது உப்பு: கருவாடு, ஊறுகாய், அப்பளம்.

"அசையாம படுங்க" என்பதும் அப்படித்தான். டாக்டர் தடுக்காவிட்டால் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையே தினமும் செய்யச் சொல்லலாம். எழுந்ததும் கிறுகிறுப்பு வந்தால் படுத்தும் நின்றும் பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் மாத்திரை அளவைப் பற்றிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் "எப்படி இருக்கீங்க ஆச்சி?" என்றால் "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்றுதான் பதில் வரும். அதனால் போகுமுன் வீட்டிலேயே நாலு மீட்டர் அளந்து, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் ஆனால் அதை ஒரு சீட்டில் எழுதி, மாத்திரைப் பையோடு வைத்துக் கொண்டுபோங்கள். எங்கள் ஆச்சிக்கு எட்டு விநாடி ஆனது.