குனா மக்களின் தீவுகளில் விருந்தினராகத் தங்குவது எப்படி?

பனாமாவின் கரீபியன் கரையோரமாகச் சிதறிக் கிடக்கும் 350-க்கும் மேற்பட்ட சிறு தீவுகளில், சுமார் 50 தீவுகளில் மட்டுமே பழங்குடியினரான குனா மக்கள் ஊர் அமைத்து வாழ்கின்றனர். சுற்றுலா விளம்பரங்கள் இன்னமும் சான் பிளாஸ் என்றே குறிப்பிடும் இப்பகுதியின் பெயர் குனா யாலா. பெண்கள் புல்லாக்கும், மோலா எனப்படும் பல வண்ணத் தையல் வேலைப்பாடு கொண்ட உடையும் அணிவதைத் தடுக்க முனைந்த பனாமா காவலர்களை எதிர்த்து 1925 பிப்ரவரியில் கிளர்ந்தெழுந்த இம்மக்கள், பின்னாளில் தன்னாட்சி உரிமையையும் பெற்றனர். வெளியார் இங்கு நிலம் வாங்க முடியாது. எனவே, தமக்கென்று சட்டதிட்டங்கள் வகுத்துக்கொண்ட ஒரு சமூகத்தின் வீட்டுக்குப் போகிறோம் என்ற எண்ணத்துடனேயே பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

பனாமா நகரிலிருந்து விடியற்காலையில் புறப்படும் ஜீப்புகள், மலையேறி இறங்கும் கார்தி சாலை வழியாக ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் படகுத்துறையை அடையும். வழியிலுள்ள சாவடியில் கடவுச்சீட்டைக் காட்டி நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். பெரும்பாலான தீவுகளில் ஏடிஎம் இல்லாததால், சிறிய டாலர் நோட்டுகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். மீனும் சோறுமே அன்றாட உணவு என்பதால், சைவர்கள் தங்குமிடத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பயணிகளில் பலர் ஆளில்லாத மணல்திட்டுகளில் குளித்துவிட்டு மாலையில் திரும்பிவிடுகின்றனர். மக்கள் வாழும் ஊர் ஒன்றில் ஓர் இரவாவது தங்காமல் குனாக்களை அறிய முடியாது என்றே நான் கருதுகிறேன். அதற்குக் குனா குடும்பம் நடத்தும் விடுதியைத் தேர்ந்தெடுத்து, ஊர்த் தலைவரான சைலாவின் அனுமதியை அவர்கள் வழியாகப் பெறுங்கள். நாணல் சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட வீடுகளில் குடும்பத்தார் தூளிகளில் உறங்குவர். திருமணமான ஆண் மனைவியின் வீட்டுக்கே குடியேறுவது இவர்களின் மரபு. ஊர் மன்றத்தில் சைலா தூளியில் சாய்ந்தபடி முன்னோர் வரலாற்றை நெடுநேரம் பாடுவார். ஆர்கர் எனப்படுபவர் அதற்குப் பொருள் விரித்துரைப்பார். கண்ணயர்வோரை எழுப்புவதற்கென்றே ஒருவர் அவ்வப்போது உரக்கக் குரல் கொடுப்பார். உள்ளே அமர இடம் தந்தால், கேமராவையும் கைபேசியையும் எடுக்காமல் அமைதியாக இருங்கள்.

யாரைப் படமெடுப்பதானாலும் முதலில் கேளுங்கள். கட்டணம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். கூரையோரத்துச் சூரியத் தகட்டையும் கையிலிருக்கும் கைபேசியையும் மறைக்கச் சொல்லி, பழைமையான தோற்றத்தை வரவழைக்க முயல்வது அவர்களை அவமதிப்பதாகும். கரையில் விழுந்து கிடக்கும் தேங்காயை எடுக்கவே கூடாது. ஆளில்லாத தீவாயினும் ஒவ்வொரு தென்னைக்கும் உரிமையாளர் உண்டு, தேங்காய் விற்றே பல குடும்பங்கள் காலங்காலமாகப் பிழைத்து வந்திருக்கின்றன. ஆக்சிஜன் உருளையுடன் கடலில் மூழ்குவதற்குத் தடை இருக்கிறது. கண்ணாடியும் குழாயும் அணிந்து நீந்தலாம். குப்பையை அகற்ற அங்கு வசதி குறைவு என்பதால், உங்கள் பிளாஸ்டிக்கை நகரத்துக்கே திருப்பி எடுத்து வாருங்கள்.

மோலா வாங்க விரும்பினால், தைத்த பெண்ணிடமே வாங்குங்கள். பல வண்ணத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் துணியை வெட்டி ஓரங்களை உள்மடித்துத் தைத்து, அடியிலுள்ள நிறம் தெரியும்படி உருவாக்குவது இக்கலை. துணியைப் புரட்டிப் பாருங்கள்: தையல் நுண்மையாகவும் நெருக்கமாகவும் இருந்தால் அது நல்ல வேலைப்பாடு. வாரக்கணக்கில் உழைத்துத் தைத்த துணிக்கு அடிமாட்டு விலை பேசுவது தகாது.

கடல்மட்ட உயர்வாலும் இடநெருக்கடியாலும் கார்தி சுக்துப் தீவின் சுமார் 300 குடும்பங்கள் 2024 ஜூனில் பெருநிலத்திலுள்ள இஸ்பெர்யாலாவுக்குக் குடிபெயரத் தொடங்கின. ஆகவே அத்தீவுக்குச் செல்ல நினைப்போர், தற்போதைய நிலையைப் படகோட்டியிடம் விசாரித்துக்கொள்ள வேண்டும். மழை குறைந்த டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள் பயணத்துக்கு ஏற்றவை, ஆனால் தொடக்க மாதங்களில் காற்றும் அலையும் மிகுந்திருக்கும். பிப்ரவரி 25-ஐ ஒட்டிச் செல்வோர், 1925 கிளர்ச்சியை ஊரார் நடித்துக் காட்டும் நினைவு நாளைக் காணலாம். அந்நாட்களில் இடம் கிடைப்பது கடினம் என்பதால் முன்னதாகவே பதிவு செய்துகொள்ளுங்கள்.