புதுசா டீச்சர் ஆகப்போறவங்க பண்ற தப்புகள்: வகுப்புல யோசிக்கிற வேலைய யார் செய்யறாங்க?

நான் இன்னும் டீச்சர் ஆகல, பயிற்சியில தான் இருக்கேன். முதல் முதலா ஒரு வகுப்ப என் கையில குடுத்தப்போ பின்னம் நடத்தச் சொன்னாங்க. ரெண்டு ராத்திரி உக்காந்து ஸ்லைடு ரெடி பண்ணேன், வட்டம் ரெண்டா பிரியும், அப்புறம் மூணா பிரியும், ஒவ்வொரு துண்டும் ஒரு கலர்ல மின்னும், கூட்டுறப்போ துண்டெல்லாம் நகர்ந்து வந்து ஒட்டிக்கும். பிள்ளைங்க கண் கொட்டாம பாத்தாங்க. கடைசியில "புரிஞ்சுதா?"ன்னு கேட்டேன், மொத்த வகுப்பும் "புரிஞ்சுது மிஸ்"னு ஒரே குரல்ல சொல்லுச்சு. மனசு நெறஞ்சு வெளிய வந்தேன்.

மறுநாள் 1/2 + 1/3 எவ்ளோன்னு ஒரு துண்டு பேப்பர்ல எழுதித் தரச் சொன்னேன். பாதிக்கு மேல 2/5. மேல இருக்கிறத மேலோட, கீழ இருக்கிறத கீழோட கூட்டி வெச்சிருந்தாங்க. முதல் பெஞ்சுல இருந்த ஒரு பையன்கிட்ட நேத்து பாத்தது ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். "கலர் கலரா நகர்ந்துச்சு மிஸ், அது நல்லா ஞாபகம் இருக்கு, ஏன் நகர்ந்துச்சுன்னு தான் தெரியல"ன்னான்.

பின்னாடி உக்காந்து ரெண்டு நாளும் வகுப்பப் பாத்த சீனியர் டீச்சர் என்னைத் திட்டல, ஒரே ஒரு கேள்வி தான் கேட்டாங்க. "நேத்து அந்த 40 நிமிஷத்துல யோசிச்சது யாரும்மா?"

நான் தான். எங்க வெட்டணும், எத்தனையா பிரிக்கணும், எதுக்காக ரெண்டையும் ஆறுல இத்தனை பங்குன்னு மாத்தணும்னு எல்லாத்தையும் யோசிச்சது நான், பிள்ளைங்களுக்கு மிச்சம் வெச்சது பாக்குற வேலை மட்டும். அதுக்கப்புறம் எந்தப் புது முறையப் பத்திப் படிச்சாலும், எந்த ஆப்பப் பாத்தாலும் அவங்க கேட்ட அந்தக் கேள்வியத் தான் முதல்ல வெச்சுப் பாக்குறேன். நம்மள மாதிரி புதுசா வர்றவங்க பண்ற தப்புல பெரும்பாலானது இதுல தான் வந்து நிக்குது.

"புரிஞ்சுதா?"ன்னு கேக்குறதையே எடுத்துக்கோங்க. அந்தக் கேள்விக்கு "இல்ல"ன்னு சொல்ல ஒரு பிள்ளைக்கு எவ்ளோ தைரியம் வேணும், கூட இருக்கிற அத்தனை பேரும் தலையாட்டும்போது தான் மட்டும் எப்படி கைய தூக்குவாங்க. அத விட முக்கியமா, புரியலைங்கிறதே நிறைய பேருக்குத் தெரியாது, நிஜமாவே புரிஞ்ச மாதிரி தான் இருக்கும். அதனால புரிஞ்சுதான்னு கேக்காம ஏதாவது ஒண்ண செய்யச் சொல்லிக் கேளுங்க, "1/8 பெருசா 1/4 பெருசா, ஏன்?"னு கேட்டா ரெண்டு நிமிஷத்துல வகுப்போட நெலம தெரிஞ்சிடும். கேட்டதுக்கப்புறம் காத்திருக்கணும், இங்க தான் நாம எல்லாரும் சறுக்குறோம். மேரி பட் ரோ-ன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1970-கள்ல வகுப்பு ஒலிப்பதிவுகள உக்காந்து கேட்டுப் பாத்தாங்க, டீச்சர்ங்க ஒரு கேள்வி கேட்டுட்டு சராசரியா 1 செகண்டு தான் காத்திருந்தாங்க, அதுக்குள்ள பதில் வரலைன்னா அடுத்த பிள்ளை, இல்லன்னா பதிலையே சொல்லிடறது. அதையே 3 செகண்டா ஆக்கினதும் பதில்கள் நீளமாச்சு, வழக்கமா வாயத் தொறக்காத பிள்ளைங்களும் பேச ஆரம்பிச்சாங்க, "தெரியல"ங்கிறது கொறஞ்சுச்சு. நான் இப்போ மனசுக்குள்ள எண்ணுறேன். மூணாவது செகண்டு ரொம்ப நீளமா இருக்கும், வாய் தானா தொறக்கும், அத அடக்கிக்கணும்.

அடுத்தது, திரும்பத் திரும்ப படிச்சா மனசுல நிக்கும்னு பிள்ளைங்கள நம்ப வெக்கிறது. நாமளே அப்படித்தானே வளந்தோம், நோட்ஸ நாலு தடவை படி, முக்கியமான வரிக்கு ஹைலைட்டர் அடி. 2006-ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்கள வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு குழு ஒரு பாடத்த ரெண்டு தடவை படிச்சது, இன்னொண்ணு ஒரு தடவை படிச்சிட்டு தாள மூடி வெச்சு ஞாபகம் இருக்கிறத எழுதிப் பாத்தது. 5 நிமிஷம் கழிச்சு சோதிச்சா ரெண்டு தடவை படிச்சவங்க தான் முன்னாடி, 81 சதவீதம், மத்தவங்க 75. ஒரு வாரம் கழிச்சு கதை தலைகீழ், படிச்சவங்க 42-க்கு வந்துட்டாங்க, எழுதிப் பாத்தவங்க 56-ல நின்னாங்க. அந்த 5 நிமிஷத்துல கெடைக்கிற ஜெயம் தான் எல்லாரையும் ஏமாத்துது, படிச்சு முடிச்ச கையோட எல்லாமே தெரிஞ்ச மாதிரி இருக்கும்ல, அது. மறக்குறது எவ்ளோ வேகமா நடக்குதுன்னு 1885-லயே எபிங்ஹாஸ்ங்கிற உளவியலாளர் தன்னையே ஆளா வெச்சு, அர்த்தமில்லாத அசைகள மனப்பாடம் பண்ணி அளந்து காட்டிட்டார், முதல் சில மணி நேரத்துல தான் பெரும்பகுதி போகும்னு. அதனால வகுப்பு தொடங்கினதும் நோட்ட மூடச் சொல்லி மூணே மூணு கேள்வி, ஒண்ணு நேத்து பாடத்துல, ஒண்ணு போன வாரத்துல, ஒண்ணு போன மாசத்துல. மார்க் கிடையாது, இத ரொம்பத் தெளிவா முதல்லயே சொல்லிடணும், மார்க் வந்துட்டா பயம் வந்துடும், பயம் வந்தா பக்கத்து நோட்டு தான் தெரியும்.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. இப்படி யோசிக்க வெச்சா பிள்ளைங்களுக்குக் கஷ்டமா இருக்கும், கஷ்டமா இருந்தா ஒண்ணும் கத்துக்கலைன்னு தோணும். 2019-ல ஹார்வர்டுல இயற்பியல் வகுப்புல பாத்தப்போ, தாங்களே முட்டி மோதி கணக்கு போட்டவங்க நல்ல லெக்சர் கேட்டவங்கள விட அதிகமா கத்துக்கிட்டிருந்தாங்க, ஆனா கொஞ்சமா தான் கத்துக்கிட்டோம்னு சொன்னாங்க. ஃபீட்பேக் ஃபார்ம பாத்துட்டு மனசு ஒடஞ்சு பழைய முறைக்கே ஓடிப்போறது நிறைய புது டீச்சர்ங்க பண்றது தான், அதுக்கு பதிலா ஏன் இப்படி நடத்துறேன்னு பிள்ளைங்ககிட்டயே விளக்கிச் சொல்லிடலாம், அவங்களுக்குப் புரியும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு லேர்னிங் ஸ்டைல் இருக்கு, இவன் பாத்து கத்துக்கிறவன் அவ கேட்டு கத்துக்கிறவன்னு பிரிச்சு வெக்கிற வேலையும் வேண்டாம். அதுக்கு ஏத்த மாதிரி நடத்தினா நல்லா கத்துப்பாங்கங்கிறதுக்கு போதுமான ஆதாரம் இல்லன்னு 2008-லயே பாஷ்லரும் கூட இருந்தவங்களும் ஆய்வுகள அலசிச் சொல்லிட்டாங்க.

சரி, டெக்னாலஜி. இங்க ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. ஒரு பக்கம், கருவி வந்துட்டாலே படிப்பு வந்துடும்னு நம்புறது, இது இன்னிக்கு நேத்து வந்த நம்பிக்கை இல்ல. 1913-லயே தாமஸ் எடிசன் சொன்னார், சினிமா வந்துடுச்சு, இனி ஸ்கூல்ல புத்தகத்துக்கு வேலை இருக்காது, பத்து வருஷத்துல பள்ளிக்கூட முறையே மாறிடும்னு. அதுக்கப்புறம் ரேடியோ, டிவி, 1950-கள்ல ஸ்கின்னர்ங்கிற உளவியலாளரோட டீச்சிங் மெஷின், ஒவ்வொண்ணுக்கும் இதே பேச்சு. பெரு நாட்டுல 319 கிராமத்து ஆரம்பப் பள்ளிகள வெச்சு, பிள்ளைக்கு ஒரு லேப்டாப் குடுக்குற திட்டத்த அளந்து பாத்து 2012-ல அறிக்கை வந்துச்சு, பிள்ளைங்க கையில லேப்டாப் நல்லாவே பரவியிருந்துச்சு, ஆனா கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் மார்க் ஏறினதுக்கு ஆதாரம் கெடைக்கல. லேப்டாப்ப கையில குடுத்துட்டு அத வெச்சு என்ன யோசிக்கணும்னு யாரும் குடுக்கலைன்னா அது எப்படி ஏறும்?

இன்னொரு பக்கம், ஃபோனா கம்ப்யூட்டரா கிட்டயே வராதன்னு மொத்தமா தள்ளி வெக்கிறது. கண்ணு தெரியாத ஒரு பிள்ளைக்கு புத்தகத்த வாசிச்சுக் காட்டுற மென்பொருள் இருந்தா அது அந்தப் பிள்ளைக்கு வகுப்போட கதவு, அத எப்படி மூட முடியும்? போட்ட கணக்கு சரியா தப்பான்னு உடனே தெரியறதும் பெரிய விஷயம், நாம நோட்டத் திருத்திக் குடுக்குறதுக்குள்ள நாலு நாள் ஆயிடும், அதுக்குள்ள அந்தப் பிள்ளை அதே தப்ப நாப்பது தடவை பழகியிருக்கும்.

இப்போ எல்லாரும் கேக்குறது ஏஐ பத்தி தான். சாட்ஜிபிடி 2022 நவம்பர்ல வந்துச்சு, அதுல இருந்து ஹோம்வொர்க் யார் எழுதினதுன்னே தெரியலைன்னு டீச்சர்ங்க பொலம்பறாங்க. எனக்கு ரொம்பத் தெளிவு குடுத்தது துருக்கியில ஒரு ஹைஸ்கூல்ல கிட்டத்தட்ட 1000 மாணவர்கள வெச்சு கணக்குல நடந்த ஆய்வு. சாதாரண சாட் மாதிரியே ஏஐ குடுத்த குழு பயிற்சி கணக்குகள்ல ஏஐ இல்லாதவங்கள விட 48 சதவீதம் அதிகமா நல்லா பண்ணாங்க, ஆனா ஏஐய எடுத்துட்டு தேர்வு வெச்சா, அத பாக்கவே பாக்காத பிள்ளைங்கள விட 17 சதவீதம் கொறைவு. இன்னொரு குழுவுக்கு விடைய சொல்லாம குறிப்பு மட்டும் குடுக்குற மாதிரி மாத்தின ஏஐ, அவங்க பயிற்சியில இன்னும் நல்லா பண்ணாங்க, தேர்வுல பெருசா அடி விழல. ரெண்டும் ஒரே ஏஐ தான், ஒண்ணு யோசனைய எடுத்துக்கிச்சு, இன்னொண்ணு பிள்ளைகிட்டயே விட்டுச்சு. அதனால நான் வெச்சிருக்கிற பழக்கம், முதல்ல அவங்களே தாள்ல எழுதணும், தப்பாவே இருந்தாலும் பரவாயில்ல, அதுக்கப்புறம் ஏஐகிட்ட "என் வழியில எங்க ஓட்டை இருக்கு"ன்னு கேக்கலாம். வீடியோவும் அப்படித்தான், நடுவுல நிறுத்தி அடுத்து என்ன நடக்கும்னு எழுத வெச்சிட்டு தான் மறுபடி ஓட்டணும். டைமர் வெச்ச க்விஸ் ஆப் மட்டும் எனக்குப் புடிக்கல, மெதுவா ஆனா ஆழமா யோசிக்கிற பிள்ளைய அது முட்டாளா காட்டுது, அந்தப் பிள்ளையோட முகத்த ஒரு தடவை கிட்ட இருந்து பாத்தா நீங்களும் தயங்குவீங்க.

ஆர்வத்தப் பத்தி நான் ரொம்ப நாள் தப்பா தான் நெனச்சிட்டு இருந்தேன். பரிசு குடுத்தா ஆர்வம் வரும்னு. 1973-ல லெப்பரும் கூட இருந்தவங்களும் 3 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்கள எடுத்துக்கிட்டாங்க, எல்லாருமே ஸ்கெட்ச் பேனாவுல வரைய ஆசப்படுறவங்க. ஒரு குழுகிட்ட, வரைஞ்சா தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டின சான்றிதழ் தருவோம்னு முன்னாடியே சொன்னாங்க. ஒரு குழுவுக்கு சொல்லாம திடீர்னு குடுத்தாங்க, ஒரு குழுவுக்கு ஒண்ணுமே இல்ல. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு சும்மா விளையாடுற நேரத்துல பாத்தா, பரிசு வரும்னு சொல்லி வரைய வெச்ச பிள்ளைங்க மத்தவங்கள்ல பாதி நேரம் தான் பேனாவத் தொட்டாங்க. திடீர்னு வாங்கினவங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஏற்கெனவே ஆசையா செய்யற ஒண்ணுக்கு வெல வெச்சா அது கூலி வேலையாயிடுது. எந்தப் பரிசும் கூடாதுன்னு நான் சொல்லல, ஆனா பாயிண்ட்ஸ், பேட்ஜ், லீடர்போர்டுன்னு ஒரு வருஷம் முழுக்க ஓட்டினா பிள்ளை பாயிண்ட்ஸப் பத்தி தான் யோசிக்கும், பாடத்தப் பத்தி இல்ல.

மார்க்கும் இதே கதை தான். 1988-ல ரூத் பட்லர் பாத்தப்போ, குறிப்பு மட்டும் எழுதிக் குடுத்த பிள்ளைங்க ஆர்வம் குறையாம முன்னேறினாங்க, மார்க்கும் குறிப்பும் சேத்து குடுத்தவங்க மார்க் மட்டும் வாங்கினவங்க மாதிரி தான் இருந்தாங்க. மார்க்கப் பாத்ததும் கண்ணு அங்கயே நின்னுடும். நாம ராத்திரி கண் முழிச்சு எழுதின குறிப்ப யாரும் படிக்க மாட்டாங்க, அதனால முதல்ல குறிப்பு, அத வெச்சு திருத்தி எழுத ஒரு நாள், அப்புறமா மார்க்.

பாராட்டுலயும் கவனம் வேணும். "நீ ரொம்ப அறிவாளி"ன்னு சொல்லி வளத்தா, அந்தப் பேரக் காப்பாத்திக்க பிள்ளை சுலபமான கணக்கையே தேடும், முல்லரும் ட்வெக்கும் 1998-ல இதத் தான் பாத்தாங்க. அதுக்காக "நல்லா முயற்சி பண்ண"ன்னு சும்மா சொல்லிட்டு போறதும் தப்பு. ஒரே தப்பான வழியில பத்து தடவை முயற்சி பண்ணி களைச்சிருக்கிற பிள்ளைக்கு அது ஆறுதலே இல்ல, அடுத்து என்ன மாத்திப் பாக்கலாம்னு ஒரு வழி காட்டணும். முதல்ல ஆர்வத்த உண்டாக்கணும் அப்புறம் படிப்பாங்கன்னு நாம காத்துக்கிட்டு இருப்போம், பல பிள்ளைங்களுக்கு வரிசை மாறி நடக்கும், ஒரு சின்ன விஷயம் தன்னால முடிஞ்சுதுன்னு பாத்ததுக்கப்புறம் தான் ஆசையே வருது. டெசி, ரயன்னு ரெண்டு உளவியலாளர்கள் மனுஷனுக்கு மூணு தேவைன்னு சொல்லுவாங்க, தானா முடிவெடுக்கிற இடம், தன்னால முடியும்ங்கிற உணர்வு, கூட இருக்கிறவங்களோட ஒட்டுதல். என்னோட முதல் வகுப்புல இந்த மூணுல ஒண்ணு கூட இல்ல.

பின்னத்த மறுபடி எடுத்தேன். இந்த தடவை ஸ்லைடு இல்ல, ஒரே நீளத்துல வெட்டின பேப்பர் பட்டைங்க, கத்தரிக்கோல், அவ்ளோ தான். 1/2 பட்டை ஒண்ணு, 1/3 பட்டை ஒண்ணு, நேத்து எழுதின விடை 2/5-க்கு ஒரு பட்டை, மூணையும் மடிச்சு வெட்டி ஒண்ணு கீழ ஒண்ணா வெக்கச் சொன்னேன், அஞ்சா மடிக்க முடியாம தவிச்சாங்க, ஸ்கேல் வெச்சு அளந்துக்கோங்கன்னு விட்டுட்டேன். வெச்சதும் "என்ன தெரியுது?"ன்னு கேட்டுட்டு வாய மூடிக்கிட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. யாரும் பேசல. இன்னும் கொஞ்சம் எண்ணினேன்.

முதல் பெஞ்சு பையன் 2/5 பட்டைய எடுத்து 1/2 பட்டை மேல வெச்சுப் பாத்தான், எடுத்தான், மறுபடி வெச்சான். "மிஸ், ரெண்டையும் கூட்டினோம்ல? கூட்டினது எப்படி மிஸ் பாதிய விட சின்னதா போகும்?"னு கேட்டான். நான் பதில் சொல்லறதுக்குள்ள பக்கத்துல இருந்த பொண்ணு அவன் கையில இருந்து பட்டைய வாங்கிக்கிட்டா, ரெண்டு பேரும் தரையில உக்காந்து 1/3-ஐ மறுபடி மடிக்க ஆரம்பிச்சாங்க.