வீட்டுக் கணினிக்கு வைரஸ் காவல்: ஒரு மதியத்தில் முடிக்கிற வேலை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பல வீடுகளில் இப்போது கணினி பெரியவர்களின் கையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ஊருக்கு வந்தபோது ஒரு லேப்டாப்பை வாங்கி வைத்து, ஜிமெயிலைத் திறந்து காட்டிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசுவது, பேங்க் கணக்குப் பார்ப்பது, படைப்புக்கான (முன்னோருக்குப் படைக்கும் பூசை) வரவு செலவு, ஸ்கேன் செய்த கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான். அது கொஞ்சம் மெதுவானால் போதும், "வைரஸ் வந்திருச்சு போல" என்ற பேச்சு வந்துவிடும். கடைக்குக் கொண்டுபோனால் ஓர் ஆன்டிவைரஸ் பெட்டியை எடுத்து நீட்டுவார்கள்.

அந்தப் பெட்டி வேண்டாம் என்பது என் கட்சி. அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், அதாவது வெளியிலிருந்து மாட்டிக் கழற்றும் சேமிப்புப் பெட்டி, வாங்குங்கள். ஏன் என்று ஆறாம் படியில் சொல்கிறேன். கீழே உள்ளதெல்லாம் விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கு. கணினி பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் காபி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

1. கூடவே வந்த காவலை எழுப்புங்கள்

விண்டோஸ் வாங்கும்போதே டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸும் சேர்ந்தே வருகிறது. தனியாகக் காசு கிடையாது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். கவசம் போட்ட படம் வரும், அதைத் திறந்தால் வரிசையாகச் சில கட்டங்கள் இருக்கும். எதிலும் மஞ்சளாகவோ சிவப்பாகவோ எச்சரிக்கைக் குறி இல்லையென்றால் சரி. 'வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்' கட்டத்துக்குள் போய், 'மேனேஜ் செட்டிங்ஸ்' என்பதை அழுத்தி, 'ரியல் டைம் ப்ரொடெக்ஷன்', 'டேம்பர் ப்ரொடெக்ஷன்' இரண்டும் ஆனில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது, டிஃபெண்டரை வேறொரு புரோகிராம் கமுக்கமாக அணைத்துவிடாமல் தடுக்கிறது.

அங்கே வேறொரு ஆன்டிவைரஸின் பெயர் தெரிந்தால், அது லேப்டாப்போடு சோதனைக்கு வந்து கெடு முடிந்த ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். "உங்கள் பாதுகாப்பு முடிந்தது, பணம் கட்டுங்கள்" என்று நச்சரிப்பது அதுதான். செட்டிங்ஸ், ஆப்ஸ் என்று போய் அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். கணினியை அணைத்துப் போட்டபின் டிஃபெண்டர் வேலைக்கு வந்துவிட்டதா என்று மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் இரட்டைக் காவல் என்று நினைப்பவர்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று கணினியை இழுக்கவிடுவதுதான் மிச்சம்.

2. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அந்த வருடம் மார்ச் மாதமே அடைத்து அப்டேட் கொடுத்துவிட்டது. மாட்டியவர்களில் பெரும்பாலானோர் அந்த அப்டேட்டைப் போடாதவர்கள்.

செட்டிங்ஸுக்குள் 'விண்டோஸ் அப்டேட்' போய் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்துங்கள். விண்டோஸ் 10-இல் அது 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி'க்குள் இருக்கும். நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்பதால், அப்டேட் ஓடும்போது லேப்டாப் முழு சார்ஜில் இருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். மாதாந்திர மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையே வேண்டாம்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட் தருகிறார்கள், அதில் சேரும் வழி அதே விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் வரும். கணினிக்குத் தகுதி இருந்தால் விண்டோஸ் 11-க்கு மாறிவிடுவதே நல்லது. தகுதி இல்லாத பழைய கணினியில் வேறு எதைச் செய்தாலும் பேங்க் வேலை வேண்டாம்.

3. அன்றாடத்துக்கு ஒரு கணக்கு, சாவிக்கு ஒரு கணக்கு

பலரும் தவறவிடுவது இதைத்தான். என்னைக் கேட்டால் ஆன்டிவைரஸைவிட இது பெரிது. விண்டோஸில் முதலில் உருவாகும் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு, கணினியில் எதையும் மாற்றும் அதிகாரம் அதற்கு உண்டு. அதில் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது வைரஸ் நுழைந்தால் அந்த அதிகாரம் முழுதும் அதன் கைக்குப் போகக்கூடும். நம் செட்டிநாட்டு வீடுகளில் வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான மகனின் குடும்பத்துக்கும்) ஓர் அறை, தனிச் சாவி. பெட்டகச் சாவி மட்டும் பெரிய ஆச்சியின் இடுப்பில். கணினியிலும் அதே ஏற்பாடு செய்யலாம்.

செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், 'அதர் யூசர்ஸ்' போங்கள். 'ஆட் அக்கவுண்ட்' கொடுத்துப் புதிதாக ஒரு கணக்கு திறந்து, அதன் வகையை அட்மினிஸ்ட்ரேட்டர் என்று மாற்றுங்கள். நல்ல கடவுச்சொல் வைத்து, அதை நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டிவிடுங்கள். பிறகு அந்தப் புதுக் கணக்கில் உள்ளே நுழைந்து, நீங்கள் தினமும் பயன்படுத்தும் பழைய கணக்கை 'ஸ்டாண்டர்ட் யூசர்' என்று மாற்றுங்கள். உங்கள் படங்கள், ஃபைல்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இனி கணினி முழுவதற்குமான எதையும் இன்ஸ்டால் செய்ய முயன்றால் அந்த அலமாரிக் கடவுச்சொல்லைக் கேட்கும். நீங்களாக எதையும் போடாதபோது அப்படிக் கேட்டால், ஏதோ சரியில்லை என்று அர்த்தம். 'நோ' அழுத்திவிட்டு எழுந்துவிடுங்கள்.

4. ஃபைலின் வாலைப் பாருங்கள்

ஒரு ஃபைலின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் சில எழுத்துகளும் உண்டு. பிடிஎஃப் என்றால் ஆவணம், ஜேபிஜி என்றால் படம். விண்டோஸ் இந்த வாலை மறைத்துவிடுகிறது, வசதி என்ற பெயரில். ஏமாற்றுபவர்களுக்குத்தான் அது வசதி. 'கல்யாணப் பத்திரிகை.பிடிஎஃப்' என்று உங்களுக்குத் தெரிகிற ஃபைலின் முழுப்பெயர் 'கல்யாணப் பத்திரிகை.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று இருக்கலாம். அது பத்திரிகை இல்லை, புரோகிராம். இருமுறை தட்டினால் ஓட ஆரம்பித்துவிடும். 2000-இல் உலகத்தை ஆட்டிவைத்த ஐ லவ் யூ வைரஸ் இதே இரட்டை வால் வித்தையோடுதான் வந்தது.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10-இல் 'வியூ' தாவலிலேயே இருக்கும். அப்புறம், இஎக்ஸ்இ, எஸ்சிஆர், விபிஎஸ், பிஏடி, எம்எஸ்ஐ என்று முடிகிற எதுவும் மெயிலிலோ வாட்ஸப்பிலோ வந்தால், அனுப்பியது சொந்தச் சம்பந்தியாகவே இருந்தாலும் திறக்காதீர்கள். போன் போட்டுக் கேளுங்கள்.

5. பென்டிரைவ்

இந்தப் பக்கம் வைரஸ் இன்டர்நெட்டில் வருவது ஒருபுறம் இருக்கட்டும். ஜெராக்ஸ் கடைக்குப் போய்வரும் பென்டிரைவில் வருவது எனக்கு அதிகம் கண்ணில் படுகிறது. பத்திரப் பிரதி, அறுபதாங்கல்யாணப் படம், ஆதார் நகல், எதற்கும் பென்டிரைவை எடுத்துக்கொண்டு போகிறோம். கடைக் கணினியில் ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென்டிரைவ் ஏறி இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடையாளம் எளிது. வீட்டுக்கு வந்து மாட்டினால் ஃபோல்டர்கள் எல்லாம் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றின் இடது கீழ் மூலையிலும் வளைந்த அம்புக்குறி ஒன்று முளைத்திருக்கும். சில சமயம் பென்டிரைவுக்குள்ளேயே பென்டிரைவ் பெயரில் ஒரே ஒரு ஐகான் மட்டும் நிற்கும். அவையெல்லாம் ஷார்ட்கட், அதாவது வேறொன்றைத் திறந்துவிடும் குறுக்குவழி ஐகான். உங்கள் ஃபோல்டரை ஒளித்து வைத்துவிட்டு, அதே பெயரில் வைரஸ் வேஷம் கட்டி நிற்கிறது. தட்டினால் ஃபோல்டரும் திறக்கும், வைரஸும் ஓடும், உங்களுக்குச் சந்தேகமே வராது. பென்டிரைவைச் சொருகியதும் புரோகிராம் தானாக ஓடுகிற வசதியை விண்டோஸ் 7-லேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் அதற்கு உங்கள் விரல் வேண்டும், அதற்குத்தான் இத்தனை வேஷம். ஷார்ட்கட்டின் வால் மட்டும் நாலாம் படியைச் செய்தபின்பும் தெரியாது என்பதால் அம்புக்குறியைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படித் தெரிந்தால் எதையும் தட்டாமல், 'திஸ் பிசி'யில் பென்டிரைவின் மேல் வலது கிளிக் செய்து 'ஸ்கேன் வித் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்' கொடுங்கள். விண்டோஸ் 11-இல் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்தினால்தான் சில சமயம் கண்ணில் படும். ஸ்கேன் முடிந்ததும் ஷார்ட்கட்டுகள் போய், பென்டிரைவ் காலியாகத் தெரியலாம். படமெல்லாம் போச்சு என்று பதறவேண்டாம். 'வியூ', 'ஷோ', 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்யுங்கள். அதிலும் வரவில்லை என்றால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் போய், 'வியூ' தாவலில் 'ஹைட் புரொடக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதன் டிக்கை எடுங்கள். மங்கலாக உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். தேவையான படங்களையும் ஆவணங்களையும் மட்டும் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டு, பென்டிரைவை ஃபார்மட் செய்து, அதாவது உள்ளிருப்பதை முழுதும் துடைத்துவிடுங்கள். காட்டிய சிஸ்டம் ஃபைல்களை மறுபடி மறைத்துவிடுங்கள், தெரியாமல் அழித்துவிட்டால் வம்பு.

இதற்கெல்லாம் இடம் கொடுக்காமலிருக்கவும் வழி உண்டு. கடைக்கென்று ஒரு சின்னப் பென்டிரைவை ஒதுக்குங்கள். பிரிண்ட் எடுக்க வேண்டியதை மட்டும் அதில் போட்டுக் கொண்டுபோங்கள், வந்ததும் ஸ்கேன், ஃபார்மட். குடும்பப் படங்கள் இருக்கும் பென்டிரைவ் வீட்டு வாசலைத் தாண்டவே வேண்டாம்.

6. ஹார்ட் டிஸ்க், முன்னே சொன்னபடி

எல்லாக் காவலையும் மீறி ஒரு நாள் ஏதாவது நுழைந்துவிடலாம். ரேன்சம்வேர் வகை உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். அப்போது கையில் ஒரு நகல் இருந்தால் கணினியைத் துடைத்துப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகலாம். இல்லையென்றால் பர்மாவில் ஐயா எடுத்த படமும், இசைகுடிமானத்தின் (கல்யாண ஒப்பந்த ஓலை) ஸ்கேனும் போனது போனதுதான். எந்த ஆன்டிவைரஸ் பெட்டியும் அதைத் திருப்பித் தராது.

செய்முறையில் பெரிதாக ஒன்றும் இல்லை. மாட்டுங்கள், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை நகலெடுங்கள், கழற்றுங்கள். கழற்றுவதுதான் முக்கியம். எப்போதும் மாட்டியே இருக்கும் டிஸ்க்கையும் ரேன்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும். அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ரொம்ப முக்கியமான சில ஃபைல்களை கூகுள் டிரைவிலும் போடுங்கள், 15 ஜிபி வரை இலவசம்.

7. உங்களை அவசரப்படுத்தும் திரைகள்

ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்ததும் திரை முழுதும் சிவப்பாகி, "உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று அலறும். மைக்ரோசாஃப்டின் நிஜமான எச்சரிக்கை எதிலும் போன் எண் இருக்காது. எண் இருந்தால் பொய். எஸ்கேப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், அப்புறம் ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அழுத்துங்கள். மூடிவிடும். கணினியையே அணைத்தாலும் தப்பில்லை. மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்த எண்ணை அழைத்தால் இனிமையாகப் பேசி எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ஒன்றைப் போடச் சொல்வார்கள். தூரத்திலிருந்தே ஒருவர் உங்கள் கணினியை இயக்க உதவும் நல்ல மென்பொருள்கள்தான் அவை, ஆனால் அதில் வரும் எண்ணைச் சொன்ன நொடியில் உங்கள் திரை அவர் கையில். சொந்த மகன் கேட்டால் கொடுங்கள், வேறு யாருக்கும் கிடையாது.

இதைவிடப் புது வித்தை ஒன்று நடக்கிறது. "நீங்கள் மனிதர்தானா" என்று கேட்கும் கட்டம் வரும். டிக் செய்ததும், விண்டோஸ் பட்டனையும் ஆர்-ஐயும் அழுத்துங்கள், கன்ட்ரோலும் வி-யும் அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள் என்று மூன்று படி சொல்லும். அப்படிச் செய்தால் வைரஸை இறக்கும் கட்டளையை நீங்களே ஒட்டி ஓடவிடுகிறீர்கள். உண்மையான எந்தச் சோதனையும் கீபோர்டில் இப்படிச் செய்யச் சொல்லாது.

திருட்டு விண்டோஸ், "கிராக்" செய்த போட்டோஷாப் பற்றி ஒரு வரி போதும்: போடுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிற எதையும் போடாதீர்கள்.

வந்தே விட்டால்

முதலில் வைஃபையை அணைத்து, நெட் கேபிளைக் கழற்றுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் மாட்டியிருந்தால் அதையும். பேங்க், மெயில் கடவுச்சொற்களை அந்தக் கணினியில் தொடாமல், போனிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் மற்றதெல்லாம் பிறகு, உடனே 1930-க்கு அழையுங்கள். அது அரசின் சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவில் நிறுத்த வாய்ப்பு.

அதன்பின் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி தானே அணைந்து, விண்டோஸ் எழும் முன்பே தேடும். கால் மணி நேரம் பிடிக்கும். ஃபைல்கள் பூட்டப்பட்டிருந்தால் பணம் கட்டாதீர்கள். வேறொரு கணினியில் 'நோ மோர் ரேன்சம்' தளத்தைத் திறந்து பாருங்கள், ஐரோப்பிய யூனியனின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் சேர்ந்து நடத்துவது, சில வகைகளுக்கு அங்கே சாவி இலவசமாகக் கிடைக்கும். எதுவும் பலிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி', அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்'. அது முடிந்ததும் அப்டேட்டை ஓட்டி, மூன்றாம் படியின் இரண்டு கணக்குகளையும் மறுபடி போட்டபிறகுதான் ஹார்ட் டிஸ்க்கை மாட்ட வேண்டும். அதையும் ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு நகலெடுங்கள்.