மோதல் விளையாட்டுக்கு 13ஆம் நூற்றாண்டுத் தலைக்கவசம்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

13ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பியக் குதிரைவீரர்கள் அணிந்த, உச்சி தட்டையான பெரிய தலைக்கவசத்தைச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன். அதன் வடிவத்தை இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலய முகப்பிலுள்ள வீரர் சிலைகளில் காணலாம். குவிந்த கவசங்களுக்குத் தகட்டைக் குழியாக அடித்தெடுக்கும் தேர்ச்சி வேண்டும். இதற்கோ ஐந்து தகடுகளை வளைத்து, ரிவெட் (துளையில் செருகி மறுமுனையைத் தட்டிப் பரப்பும் ஆணி) அடித்து இணைத்தால் போதும் என்பதால், தகட்டு வேலை பழகுபவருக்கு இதுவே உகந்தது.

தகட்டைத் தேர்ந்தெடுத்தல்

இடைக்கால வாழ்க்கையை மீட்டு நடித்துப் பார்க்கும், 1966இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம் அமைப்பினர் விளையாட்டாகப் பிரம்பு ஆயுதங்களால் மோதுகிறார்கள். தலைக்கவசத்துக்கு அவர்கள் கேட்கும் குறைந்தபட்சத் தடிமன் சுமார் 1.6 மி.மீ. அதே தடிமனில் மைல்ட் ஸ்டீல் (கரிமம் குறைந்த மென் எஃகு) தகடு வாங்குங்கள். துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம். சூடேற்றும்போது அதிலிருந்து நச்சுப்புகை எழும். உலோக ஆயுதங்களால் மோதும் போட்டிகளுக்கு இந்தக் கவசம் போதாது. அங்கே தடித்த தகடோ பதமேற்றிய எஃகோ வேண்டும் என்பதால், அத்தகைய கவசத்தைத் தேர்ந்த கைவினைஞரிடம் வாங்குவதே சரி.

முதல் படி: திணிப்பிலிருந்து அளவெடுத்தல்

பெரும்பாலோர் தலையை அளந்து தகட்டை வெட்டிவிட்டு, மிஞ்சிய இடத்தில் பஞ்சை அடைக்கிறார்கள். இந்த வரிசை தவறு. தகடு ஆயுதத்தைத் தடுக்கிறது. அடியின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது திணிப்புதான். மேற்சொன்ன அமைப்பின் விதி சுமார் 13 மி.மீ. திணிப்பு இருந்தால் போதும் என்கிறது. ஆனால் நீங்கள் சுற்றிலும் 25 மி.மீ. விடுங்கள். தலைச் சுற்றளவு 58 செ.மீ. என்றால், அந்த இடைவெளியைச் சேர்த்துக் கவசத்தின் உட்சுற்றளவு ஏறத்தாழ 74 செ.மீ. வரும். ஒவ்வொரு பக்க இணைப்பிலும் தகடுகள் 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டுமாதலால், முன் தகடும் பின் தகடும் தலா 39 செ.மீ. நீளம் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: அட்டை மாதிரி

நெற்றிக்கும் பின்மண்டைக்கும் மேல்வரிசையில் இரண்டு, முகத்துக்கும் பிடரிக்கும் கீழ்வரிசையில் இரண்டு, உச்சிக்கு நீள்வட்டமாக ஒன்று என ஐந்து அட்டைகளை வெட்டி ஒட்டுங்கள். முகத்தகடு தாடைக்குக் கீழே வரை இறங்க வேண்டும். கண் பிளவை 10 முதல் 12 மி.மீ. உயரத்துக்கு வெட்டி, பஞ்சு திணித்த தொப்பியோடு மாதிரியை அணிந்து நடந்து பாருங்கள். எதிரே நிற்பவரின் முழங்கால் தெரியாவிட்டால் பிளவு இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே அமைந்துவிட்டது என்று பொருள், அட்டையிலேயே திருத்திவிடுங்கள். மூச்சுத் துளைகளுக்கான இடங்களையும் இப்போதே வாய்க்கு நேரே குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: வெட்டி வளைத்தல்

கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து தகடுகளை வெட்டி, விளிம்புகளை விரல் உரசாத அளவுக்கு அரத்தால் ராவுங்கள். பிளவையும் மூச்சுத் துளைகளையும் தகடு தட்டையாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். பிறகு ஒரு தடித்த இரும்புக் குழாய்மேல் வைத்துக் கையால் அழுத்தி வளைக்கலாம். தலை முன்பின்னாக நீண்டது என்பதால் வட்டமாக வளைத்துவிடாதீர்கள்.

கடினமான பகுதி உச்சித் தகடுதான். அதன் விளிம்பில் 15 மி.மீ. உள்ளே கோடு வரைந்து, அந்த ஓரத்தைக் கீழ்நோக்கி மடக்க வேண்டும். ஒரே இடத்தில் முழுவதும் மடக்கினால் தகடு சுருங்கி மடிப்பு விழும். ஆகவே பட்டறைக்கல்லின் விளிம்பில் கோட்டைப் பொருத்தி, ஒரு சுற்றில் சிறிதளவு மட்டும் சாய்த்து, முழுச் சுற்றும் முடிந்தபின் அடுத்த சுற்றைத் தொடங்குங்கள். அலைபோல் எழும் சுருக்கங்களை அவ்வப்போது தட்டிச் சமப்படுத்திவிட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று மடிந்துவிட்ட சுருக்கத்தைப் பிறகு பிரிப்பது கடினம். ஓரத்தைச் செந்நிறமாகச் சூடேற்றிக்கொண்டால் வேலை எளிதாகும்.

நான்காம் படி: ரிவெட் அடித்தல்

பக்க இணைப்புகளில் முன் தகடு பின் தகட்டின் மேல் படியட்டும். முன்னிருந்து வரும் ஆயுதம் விளிம்பில் மாட்டாது. எல்லாத் துளைகளையும் ஒரே மூச்சில் போடாமல், ஒரு துளை போட்டு போல்ட் முடுக்கி, அடுத்ததைப் போடுங்கள். வடிவம் சரியானபின் போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி 5 மி.மீ. ரிவெட்டைச் செருகுங்கள். ரிவெட் தலை உள்ளே இருக்கட்டும்; அதை வைஸில் (பொருளை இறுகப் பிடிக்கும் கருவி) பொருத்திய இரும்புத் தண்டின்மேல் தாங்கி, வெளியே சுமார் 5 மி.மீ. மட்டும் நீட்டிவிட்டு, உருண்டை முனைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் குமிழ் உருவாகும்.

ஐந்தாம் படி: உட்புறம்

பருத்தித் துணிக்குள் பஞ்சு வைத்துத் தைத்த திணிப்பையோ மூடிய நுண்ணறை ஃபோமையோ (தனித்தனிக் காற்றறைகள் கொண்ட நுரைத் தகடு) உச்சி, நெற்றி, பக்கங்கள், பிடரி எல்லாவற்றிலும் பொருத்துங்கள். தாடைப்பட்டை தோலாக இருக்கலாம். பூட்டியபின் தலையை வேகமாகத் திருப்பினால் கவசமும் கூடவே திரும்ப வேண்டும். பிறகு ஒருவரை முகத்தகட்டில் உள்ளங்கையால் பலமாக அழுத்தச் சொல்லுங்கள். மூக்கிலோ பல்லிலோ தகடு பட்டால் நெற்றித் திணிப்பைக் கூட்டி மறுபடி சோதியுங்கள். அதன்பின் வெளிப்புறத்தில் எண்ணெய் தடவி, போட்டிக் கண்காணிப்பாளரிடம் ஆய்வுக்குக் கொடுக்கலாம்.