ஆர்க்கிடெக்சர் ஜர்னல் தேடும்போது எல்லாரும் மாட்டிக்கிற இடங்கள்

பி.ஆர்க் பசங்க லிட்ரேச்சர் ஸ்டடி பண்ற விதம் முக்கால்வாசி ஒரே மாதிரிதான். மொதல்ல கூகுள், அப்புறம் பின்டரெஸ்ட், ஆர்ச்டெய்லிங்கிற பில்டிங் வெப்சைட், கடைசில கைடு "ஜர்னல் ரெஃபரன்ஸ் எங்கப்பா"ன்னு கேட்டதும் லைப்ரரி சைட்டுக்குப் போய் கட்டுரைத் தலைப்ப அப்படியே அடிச்சுப் பாத்துட்டு, ஒண்ணும் வரலன்னதும் "நம்ம லைப்ரரில எதுவுமே இல்ல"ன்னு கெளம்பிடுறது.

அங்கதான் மொத தப்பே. ஓபேக்குக்கு, அதாவது லைப்ரரியோட ஆன்லைன் கேட்டலாக்குக்கு, புக்கு பேரும் ஜர்னல் பேரும்தான் தெரியும், ஜர்னலுக்குள்ள இருக்குற கட்டுரை பேரெல்லாம் அதுக்குத் தெரியாது. கட்டுரை எந்த இதழ்ல வந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறது ஒரு வேலை, அந்த இதழ் எங்க கெடைக்கும்னு பாக்குறது வேற வேலை. ரெண்டையும் ஒரே சர்ச் பாக்ஸ்ல முடிக்கப் பாக்குறதாலதான் இவ்ளோ குழப்பமும்.

மொத வேலைக்கு நம்ம ஃபீல்டுல பெரிய ஆள் ஏவரி இண்டெக்ஸ். கொலம்பியா யுனிவர்சிட்டியோட ஏவரி லைப்ரரில 1934ல ஆரம்பிச்சது. இதுல நிறைய பேர் ஏமாந்து போறாங்க, ஏன்னா பிடிஎஃப் வரும்னு நெனச்சு உள்ள போறாங்க, ஆனா இது இண்டெக்ஸ், எந்த இதழ், எந்த மாசம், எத்தனாவது பக்கம், கூட பிளான் இருக்கா போட்டோ இருக்கான்னுதான் சொல்லும். அந்த கடைசி தகவலே எவ்ளோ டைம மிச்சப்படுத்தும்னு கேஸ் ஸ்டடி பண்ணவங்களுக்குத் தெரியும். உங்க காலேஜ்ல ஏவரி இல்லன்னா லண்டன்ல இருக்குற ஆர்ஐபிஏ (பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட்டுகளோட சங்கம்) லைப்ரரி கேட்டலாக் ஆன்லைன்ல காசு இல்லாமலே பாக்கலாம், அதுலயும் ஜர்னல் கட்டுரைகள் தனித்தனியா பதிஞ்சிருக்கும்.

அடுத்து பேரு. இதுலதான் அதிகமா கோட்டை விடுறாங்க. பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தோட கோல்கொண்ட் ஹாஸ்டல எடுத்துக்கோங்க, அன்டோனின் ரேமண்ட் டிசைன், ஜார்ஜ் நகாஷிமாவும் ஃப்ரான்டிசெக் சாமரும் சைட்லயே இருந்து பாத்துக்கிட்டது. இதுக்கு இங்கிலீஷ்ல கடைசி எழுத்து ஈ. ஏ போட்டுத் தேடுனா ஹைதராபாத் கோட்டைதான் வந்து நிக்கும். சரி ஊர் பேர வச்சு தேடலாம்னு புதுச்சேரின்னு அடிச்சா பழைய கட்டுரை எதுவும் சிக்காது, ஏன்னா அந்தப் பேர் அதிகாரப்பூர்வமா வந்ததே 2006ல. அதே மாதிரி 1996க்கு முன்னாடி வந்த கட்டுரைக்கு மெட்ராஸ்னு போடணும், சென்னைன்னு இல்ல. பில்டிங் பேர், ஆர்க்கிடெக்ட் பேர், ஊரோட பழைய பேர், மூணையும் தனித்தனியா போட்டுப் பாருங்க. கட்டுரைத் தலைப்ப நம்பாதீங்க, மேகசின்காரங்க கவித்துவமா ஏதோ ரெண்டு வார்த்தை வச்சிருப்பாங்க, பில்டிங் பேரே அதுல இருக்காது.

சுருக்கப் பேரும் ஒரு தொல்லை. சீனியர் "ஏஆர்ல வந்திருக்கு பாரு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாரு, அது 1896ல லண்டன்ல ஆரம்பிச்ச ஆர்க்கிடெக்சுரல் ரிவ்யூவா, 1891ல நியூயார்க்ல ஆரம்பிச்ச ஆர்க்கிடெக்சுரல் ரெக்கார்டான்னு யாருக்குத் தெரியும். ஏடின்னா ஆர்க்கிடெக்சுரல் டிசைனா, வீட்டு இன்டீரியர் போட்டோ போடுற டைஜெஸ்ட்டா? இன்னொண்ணு, ஜர்னலே பேர் மாறியிருக்கும். ப்ரோக்ரெசிவ் ஆர்க்கிடெக்சர் முன்னாடி பென்சில் பாயிண்ட்ஸ், அதனால 1930கள்ல வந்த இதழ புதுப் பேர்ல தேடுனா அலமாரில வேற இடத்துல நின்னுட்டிருப்பீங்க.

டேட்டாபேஸ்ல "பியர் ரிவ்யூட்" (அதே துறை ஆளுங்க சரிபார்த்த கட்டுரை மட்டும்) டிக் பண்ணிட்டு தேடுறது பாக்க நல்ல பழக்கம் மாதிரி இருக்கும். ஆனா டோமஸ், காசாபெல்லா, ஆர்க்கிடெக்சுரல் ரிவ்யூ மாதிரி மேகசின் எல்லாம் அந்த ஒரு டிக்ல காணாமப் போயிடும், பிளானும் செக்ஷனும் பெரும்பாலும் அங்கதான் இருக்கு. தியரி, ஹிஸ்டரின்னா டிக் வச்சுக்கோங்க, பில்டிங் ஸ்டடின்னா எடுத்துடுங்க. ஆர்ச்டெய்லி வேணாம்னு சொல்லல, ஆனா அதுல நிறைய இடத்துல டெக்ஸ்ட் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்லேந்தே வந்ததுன்னு மேலேயே போட்டிருக்கும், அத விமர்சனமா கோட் பண்ணா ப்ராஜெக்ட மதிப்பிடுற ஜூரில அசிங்கமாயிடும்.

ஃபுல் டெக்ஸ்ட் கெடச்சிடுச்சுன்னு உடனே சந்தோஷப்பட வேணாம். சில டேட்டாபேஸ்ல வெறும் எழுத்து மட்டும் வரும், டிராயிங் ஒண்ணு கூட இருக்காது. பிடிஎஃப் ஸ்கேன் இருக்கான்னு பாருங்க.

கடைசில பணம். பப்ளிஷர் சைட்ல நேரா போனா டாலர்ல கேப்பான், கட்டாதீங்க. மொதல்ல காலேஜ் லாகின் வழியா உள்ள போங்க. கவர்மென்ட் காலேஜ்னா 2025 ஜனவரிலேந்து ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்னு மத்திய அரசே ஜர்னல்களுக்கு சந்தா கட்டுற திட்டம் இருக்கு, எல்சேவியர், வைலி, டெய்லர் அண்ட் ஃப்ரான்சிஸ் மாதிரி பப்ளிஷர் எல்லாம் அதுல உண்டு, பிரைவேட் காலேஜ் பசங்களுக்கு அந்த வழி கெடையாது. அவங்க லைப்ரரியன் கிட்ட டெல்நெட்ங்கிற லைப்ரரி நெட்வொர்க்ல மெம்பர்ஷிப் இருக்கான்னு கேளுங்க, இருந்தா வேற லைப்ரரிலேந்து கட்டுரைய வரவழைக்கலாம். 1981லேந்து 1992 வரைக்கும் வந்த மிமார்ங்கிற ஆர்க்கிடெக்சர் மேகசின் இதழ்கள் ஆர்க்நெட் வெப்சைட்ல சும்மாவே கெடைக்குது, ஆசியா, ஆப்பிரிக்கா வேலைன்னா மொதல்ல அங்க போங்க. அமெரிக்க பழைய மேகசின்களுக்கு யூஎஸ்மாடர்னிஸ்ட் வெப்சைட்.

பவுண்ட் வால்யூம, அதாவது பல இதழ ஒண்ணா பைண்ட் பண்ணி வச்சிருக்குறத, போன்ல போட்டோ எடுக்குறவங்க ஒண்ணு கவனிங்க. பைண்டிங்ல அட்டைய எடுத்திருப்பாங்க, சில பக்கத்துல மாசமும் வருஷமும் இருக்காது, அப்புறம் பிப்லியோகிராஃபி எழுதும்போது முழிப்பீங்க. அதனால இதழோட மொத பக்கத்தையும் சேத்து எடுத்துக்கோங்க, பிளான எடுக்கும்போது ஸ்கேல் பாரையும் நார்த் மார்க்கையும் ஃப்ரேம்ல வெட்டிடாதீங்க.