வருடப்பிறப்புக்குக் கிரிப்டோ கைவிசேஷம்: ஐந்து கொப்பியும் ஓர் உருக்குத் தகடும்

சித்திரை வருடப்பிறப்பன்று அக்காவின் மகன், என் பெறாமகன், வயது 15, கைவிசேஷம் வாங்க வந்து நின்றான். "சித்தி, காசு வேண்டாம், பிட்கொயின் தாங்கோ" என்றான். பிட்கொயின் என்பது இணையத்தில் மட்டும் கைமாறும் ஒரு கிரிப்டோ நாணயம். விலை ஏறும் என்பதைத் தவிர அவனுக்கு அதைப் பற்றி வேறொன்றும் தெரியாது. அதற்கு முந்தைய வருடம்தான் எங்கள் சொந்தத்தில் ஒருவர், மூன்று மாதத்தில் இரண்டு மடங்கு என்று சொன்ன ஒரு வட்ஸ்அப் குழுவை நம்பிக் காப்பை அடகு வைத்துக் காசு போட்டு, எல்லாவற்றையும் இழந்திருந்தார். பிட்கொயின் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கவலையில்தான் இந்தப் பரிசுகளை யோசித்தேன்.

முதலில் ஒன்று. இலங்கையில் இருக்கிறவர்களுக்கு நாணயத்தை வாங்கிக் கொடுக்கப் போகாதீர்கள். மத்திய வங்கி கிரிப்டோ பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. வங்கி அட்டையால் கிரிப்டோ வாங்குவதற்கு 2021ஆம் ஆண்டுப் பணிப்புரை இடம் தரவில்லை. கனடாவில், லண்டனில் இருக்கிறவர்கள் அங்கே உள்ளவர்களுக்குக் கொடுக்கலாம், அந்த நாட்டுச் சட்டப்படி. இங்கே கொடுக்க வேண்டியது விளக்கம்தான். அதற்குச் செலவும் குறைவு.

நான் முதலில் கொடுத்தது ஐந்து 40 பக்கக் கொப்பிகள். அம்மா, அக்கா, அத்தான், பெறாமகன், நான் என்று ஆளுக்கொன்று. ஒவ்வொருவருக்கும் 100 புளியங்கொட்டை. பின்னேரம் விறாந்தையில் இருந்துகொண்டு கொடுக்கல்வாங்கல் செய்தோம். "அம்மா அத்தானுக்கு 20" என்று ஒருவர் சத்தமாகச் சொன்னால், ஐந்து பேரும் தங்கள் கொப்பியில் எழுத வேண்டும். பக்கத்துக்கு ஆறு வரி. பக்கம் முடிந்ததும் அதன் தலையில் உள்ள தொகையோடு அதில் கைமாறிய தொகையையும் கூட்டி, அதை அடுத்த பக்கத்தின் தலையில் எழுத வேண்டும். பிறகு, யாராவது தன் கொப்பியில் பழைய கணக்கொன்றைக் களவாக மாற்றலாம் என்றேன். பெறாமகன் இரண்டாம் பக்கத்தில் 5ஐ 50 ஆக்கினான். மூன்றாம் பக்கத்தின் தலையில் உள்ள தொகை பொருந்தவில்லை. அதையும் திருத்தினான். அப்போது நான்காம் பக்கம் இடித்தது. கடைசியில் அவனுடைய கொப்பி ஒரு பக்கம், மற்ற நான்கும் ஒரு பக்கம். பிளொக்செயின், அதாவது எல்லோரிடமும் ஒரு பிரதி இருக்கிற பிட்கொயினின் கணக்குப் புத்தகம், என்றால் என்ன என்று அதற்கு மேல் நான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. வருடக்கணக்காகச் சீட்டுப் போட்ட அம்மா, "அப்ப இது தாச்சி இல்லாத சீட்டு" என்றார். தாச்சி என்றால் சீட்டை நடத்துபவர். இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. ஐந்து கொப்பியும் பேனையும் 1,000 ரூபாய்க்குள் முடிந்தன.

வாசிக்கப் பிரியமுள்ள நண்பர் என்றால், சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 ஒக்டோபர் 31 அன்று வெளிவந்த பிட்கொயின் கட்டுரையை அச்செடுத்துக் கொடுங்கள். மொத்தம் 9 பக்கம்தான், இணையத்தில் இலவசம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸ் பக்கம் உள்ள ஒரு போட்டோகொப்பிக் கடையில் சுருள்கம்பி போட்டு எடுத்தேன். ஓரத்தில் இடம் விட்டு, கடினமான சொற்களுக்குத் தமிழில் பென்சிலால் குறிப்பு எழுதினேன். அந்தக் குறிப்புகள்தான் பரிசு. முன் அட்டையின் உள்ளே இரண்டு கணக்குகளையும் எழுதி வைத்தேன்: மொத்தமாக வரக்கூடிய பிட்கொயின் 2 கோடியே 10 லட்சம், ஒரு பிட்கொயினுக்கு 10 கோடி சதோஷி (பிட்கொயினின் மிகச் சிறிய பங்கு). முழுதாக ஒன்று வாங்க வேண்டும் என்று நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு இரண்டாவது கணக்கு உதவும்.

அடுத்தது செலவே இல்லாதது. பயிற்சிக்கென்றே டெஸ்ட்நெட் என்றொரு வலையமைப்பு இருக்கிறது. அதன் நாணயத்துக்கு ஒரு சதம் பெறுமதியும் இல்லை. சில இணையத்தளங்கள் இலவசமாகத் தரும். எதீரியம் என்ற இன்னொரு கிரிப்டோவுக்குச் செபோலியா என்பது அப்படியானது. பெறாமகனின் போனில் ஒரு வொலட்டை (நாணயத்தை அனுப்பவும் பெறவும் உதவும் செயலி) இறக்கி, செபோலியா நாணயம் கொஞ்சம் அனுப்பினேன். அவன் அதை அம்மாவுக்கு அனுப்பினான். தவறான முகவரிக்கு ஒருமுறை வேண்டுமென்றே அனுப்ப வைத்தேன். திருப்பி எடுக்க முடியாது, முறையிட ஒரு கவுண்டரும் இல்லை என்பதைக் காசு போகாமலே பழக வேண்டும்.

வொலட்டைத் தொடங்கும்போது 12 ஆங்கிலச் சொற்கள் வரும். போன் தொலைந்தாலும் வொலட்டை மீட்கும் சாவி அவைதான். இங்கேதான் நான் அதிக நேரம் எடுத்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் வலிகாமத்தை விட்டு எல்லோரும் நடந்தபோது, அம்மா காணி உறுதியையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாவகச்சேரி வரை போனவர். "இந்தச் சொற்கள்தான் உறுதி, அம்மா. ஆனால் இந்த உறுதியில் பெயர் இல்லை. வாசித்தவன் எவனோ அவனுக்கே காணி" என்றேன். அதன் பிறகு ஒருவரும் அதைப் போனில் படம் எடுக்கவில்லை.

இதற்காகக் கொடுத்த பரிசு, இரும்புக்கடையில் வாங்கிய எழுத்துப் பொறிக்கும் உளித் தொகுதியும் ஆளுக்கு உள்ளங்கையளவு உருக்குத் தகடு இரண்டும். தாள் என்றால் எங்கள் ஊரில் கறையான் விடாது. வொலட் அந்த 12 சொற்களை எடுக்கும் பட்டியலில் உள்ளவை 2,048 சொற்கள். முதல் நான்கு எழுத்திலேயே ஒன்றுக்கொன்று வேறுபடும். ஆகவே 48 எழுத்துப் பொறித்தால் போதும். தகட்டை அம்மிக்கல்லில் வைத்து, உளியை நேராகப் பிடித்து, ஓங்கி ஒரே அடி. இரண்டாவது அடி விழுந்தால் எழுத்து இரட்டிக்கும். முதல் தகட்டைப் பழக விடுங்கள். கடையில் கொடுத்துப் பொறிப்பிக்க வேண்டாம். நீங்களும் பக்கத்தில் நிற்க வேண்டாம். நான் குசினிக்குப் போய்விட்டேன்.

கையடக்க ஹார்ட்வெயார் வொலட், அதாவது சாவியைப் போனுக்கு வெளியே வைத்திருக்கும் சிறு கருவி, மலிவான பரிசில்லை. வெளிநாட்டு உறவினர் யாராவது கொடுப்பதானால் புதிதாக, தயாரித்தவர்களிடம் நேரே வாங்கட்டும். சொற்கள் ஏற்கெனவே எழுதப்பட்ட தாளோடு வந்தால் அது திருட்டு.

பரிசு கொடுத்து ஒரு கிழமை கழித்து ஒரு நாள் ஒதுக்குங்கள். போனிலிருந்து வொலட்டை அழித்துவிட்டு, தகட்டைப் பார்த்து மீட்டெடுக்கச் சொல்லுங்கள். பெறாமகன் பதினோராவது சொல்லில் பிழைவிட்டான், வொலட் ஏற்கவில்லை. தகட்டை வெயிலுக்குச் சரித்துப் பார்த்தான், எழுத்தைத் திருத்தினான். செபோலியா நாணயங்கள் திரும்பி வந்தன. அம்மா தன் தகட்டைக் காணி உறுதி இருக்கிற பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்.